‘இன்னா ஆச்சு ரிசல்ட்டு?’ என்று கேட்கும் தெருவில்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது. வயது 27. பி.இ. முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கிடைக்கவில்லை. கூடப் படித்த நண்பன், “எங்க கம்பெனியில ஆள் எடுக்குறாங்க, பயோடேட்டா அனுப்புடா” என்று சொல்லி நாலு மாதம் ஆகிறது, இன்னும் அனுப்பவில்லை. பயிற்சி வகுப்பில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, அதையும் சொல்லவில்லை. “தோத்துடுவேனோ, வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு எப்பவும் ஒரு பயம். இந்தப் பயத்தை எப்படி விரட்டுறது?” என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, விரட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. வட சென்னையில் மனநல ஆலோசகராக இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பயம் போன பிறகு காரியத்தில் இறங்கியவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இறங்கினார்கள், பயமும் கூடவே வந்தது, கொஞ்ச நாளில் அதன் சத்தம் அடங்கியது. எல்லோருக்கும் இந்த வரிசைதான். அதனால் பயத்தை வீட்டில் வைத்துக்கொண்டே எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. நான் பிளஸ் டூ எழுதியது 1993-ல். அப்போதெல்லாம் ரிசல்ட் மாலைப் பேப்பரில் வரும். பெயர் இருக்காது, பக்கம் பக்கமாக, எறும்பு ஊர்ந்த மாதிரி, தேர்ச்சி பெற்றவர்களின் நம்பர் மட்டும். கல்மண்டபத்தில் ஒரு பேப்பர் கடை வாசலில் ஐம்பது பேர் முண்டியடிக்க, நானும் ஒரு பேப்பரை வாங்கி விரலை வைத்துக்கொண்டே வந்தேன். எனக்கு முந்தைய நம்பர் இருந்தது. அடுத்த நம்பரும் இருந்தது. நடுவில் என்னுடையதைக் காணோம். விரலை மேலே கொண்டுபோய்த் திரும்ப இறக்கினேன். மூன்று முறை பார்த்தேன். கணக்கில் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. காசிமேட்டுப் பக்கம் நடந்து போய் உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது: அந்த நாலைந்து மணி நேரத்தில் கணக்கைப் பற்றியோ காலேஜைப் பற்றியோ ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. நினைத்ததெல்லாம் ஒன்றுதான். எங்கள் வீடு ஏழு குடித்தனம் இருந்த ஒண்டுக்குடித்தனம். ஏழு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே நடை. பரீட்சைக்கு முன்னால் வேண்டிக்கொள்ளச் சொல்லி ஏழு வீட்டுக்கும் என் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த நடையில் எப்படி உள்ளே போவது?

ராத்திரி ஒன்பது மணிக்கு வேறு வழியில்லாமல் போனேன். குழாயடியில் மூன்றாம் வீட்டு அக்கா குடத்தோடு நின்றிருந்தார். அவரே ஒரு பேப்பர் வாங்கிப் பார்த்திருக்கிறார். “உன் நம்பரைக் காணோமே தம்பி, பிரிண்ட்ல வுட்டுட்டானா?” என்றார். “இல்லக்கா, ஃபெயில்” என்றேன். “அட” என்றார். அப்புறம், “லாரி இன்னிக்கும் வரல பாத்தியா” என்றார். அந்த வருடம் ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம். பேச்சு லாரிக்குப் போய்விட்டது. மொத்தமும் அரை நிமிடம் இருக்கும்.

நாலைந்து மணி நேரம் நான் கடலைப் பார்த்துக்கொண்டு பயந்தது இந்த அரை நிமிடத்துக்குத்தான். தோற்றது சாயங்காலமே நடந்து முடிந்துவிட்டது. சொல்வதுதான் பாக்கி இருந்தது. உங்களுக்கு நான் சொல்ல வருவதும் இதுதான்: ‘தோல்வி பயம்’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, தோற்றேன் என்று இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டி வரும் நிமிடத்தைப் பற்றிய பயம். என்னிடம் வருகிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: “நீ இந்தப் பரீட்சை எழுதுறது உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது, ரிசல்ட்டும் தெரியாதுன்னு வெச்சுக்கோ. இப்ப எவ்ளோ பயம் இருக்கு?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “பாதிகூட இல்ல சார்” என்பார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

கசப்பு ஒன்றும் இல்லாமல் போகாது. வயது ஏறுகிறது, காசு செலவாகிறது, அப்பா இன்னும் லோடு தூக்குகிறார் என்பதெல்லாம் நிஜம். ஆனால் அவை கவலைகள். கவலையைக் கணக்குப் போட்டுத் தீர்க்கலாம். முகத்துக்குப் பயப்படுவதைக் கணக்குப் போட்டுத் தீர்க்க முடியாது; பழகித்தான் தீர்க்கவேண்டும்.

இதற்கு ஒரு பிரபலமான ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்து 2000-ல் வெளியிட்டது. மாணவர் ஒருவருக்கு, போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கும் ஒரு டீ-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், “எத்தனை பேர் உன் சட்டையில் இருந்த படத்தைக் கவனித்திருப்பார்கள்?” என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள் போட்டுக்கொண்டவர்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். மேல் விழும் வெளிச்சத்தை நாம் இரண்டு மடங்காக நினைத்துக்கொள்கிறோம்.

இதைச் சொன்னால் நம்ம ஏரியாப் பசங்க சிரிப்பார்கள். “சார், அது அமெரிக்கா. எங்க ஹவுசிங் போர்டுல வந்து பாருங்க.” நியாயம்தான். நம்ம பக்கம் நிஜமாகவே பார்ப்பார்கள், கேட்பார்கள், மாடியிலிருந்து கத்திக்கூடக் கேட்பார்கள். ‘யாரும் உன்னைக் கவனிக்கவில்லை’ என்ற ஆறுதல் வட சென்னையில் செல்லாது. ஆனால் எத்தனை நாள் கேட்பார்கள்? அதைப் பாருங்கள். ரெண்டாவது நாள் யார் வீட்டிலாவது கல்யாணம் நிற்கும், யாராவது வண்டியில் விழுவார்கள், கரண்ட் போகும். தெருவுக்கு ஞாபகம் கம்மி. நமக்குத்தான் அதிகம்.

கொருக்குப்பேட்டையில் ஒரு பெண். அரசு வேலைத் தேர்வில் வரவில்லை. தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் ஆன்ட்டி கேட்டுவிடுவாரோ என்று மூன்று மாதம் பின்பக்கச் சந்து வழியாகவே பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். மழைநீர் வடிகாலுக்காகச் சந்தைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கடை முன்னால் போகவேண்டி வந்தது. ஆன்ட்டி ஓடி வந்து பிடித்துக்கொண்டார். “எங்கம்மா போய்ட்ட? உன் ப்ளவுஸ் தச்சு மூணு மாசமாத் தொங்குது, காசு குடுத்து எடுத்துட்டுப் போ!” தேர்வைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அவருக்கு அது தெரியுமா என்பதே சந்தேகம்.

சரி, என்ன செய்வது? சொல்லவேண்டிய வரியை முன்கூட்டியே தயார் பண்ணி வையுங்கள். சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். காசிமேட்டில் விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். கரைக்கு வரும் ஒவ்வொரு போட்டையும் பார்த்துக் கேட்பார்கள், மீன்பாடு எப்படி என்று. ஏலக்காரர் கேட்பார், ஐஸ் போடுகிறவர் கேட்பார், கூடைக்காரம்மா கேட்பார். “டீசல் காசுகூட வரல” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வலையை இறக்குவார்கள். நாள் கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வெறுங்கையோடு வருவது சாதாரண விஷயமா? ஆனாலும் அதைச் சொல்ல அவர்களிடம் ஒரு வரி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பழகிய வரி. அதில் பொய்யும் கிடையாது, அழுகையும் கிடையாது, விளக்கமும் கிடையாது. படித்த பிள்ளைகளிடம்தான் அப்படி ஒரு வரி இல்லை. பரீட்சையில் வரவில்லை என்றால் கேள்வித்தாள் கஷ்டம், கட்-ஆஃப் ஏறிவிட்டது, அன்றைக்குக் காய்ச்சல் என்று பத்து நிமிடம் பேசுகிறார்கள். பேசப் பேச அவர்களுக்கே அவமானம் கூடுகிறது.

உங்களுக்கு நான் எழுதித் தரும் வரி: “இந்த வாட்டி வரலண்ணே, அடுத்தது எழுதுறேன். பையன் இப்ப எத்தனாவது படிக்கிறான்?” கடைசிக் கேள்விதான் முக்கியம்; பேச்சை அவர் வீட்டுக்கு அனுப்பிவிடும். வீட்டில் தனியாக, வாய்விட்டு, ஒரு இருபது முறை சொல்லிப் பாருங்கள். முதல் நாலைந்து முறை தொண்டை அடைக்கும். அப்புறம் பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரி ஆகிவிடும். அப்படி ஆகவேண்டும். இன்னொன்று: அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு முதலில். அதுவும் ரிசல்ட்டுக்கு முன்னாலேயே, “இது வந்தாலும் வரும், வரலன்னாலும் வரலதான். வரலன்னா இன்னும் ஒரு வருஷம்தான் படிப்பேன், அதுக்கு இவ்ளோ செலவாகும்” என்று தொகையோடு சொல்லிவிடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசே இலவசப் பயிற்சி மையம் நடத்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். தொகை தெரிந்தால் அப்பாக்களுக்குப் பாதி பயம் போய்விடும். அவர்கள் பயப்படுவது முடிவே தெரியாத செலவுக்கு.

இப்போது அந்த பயோடேட்டாவுக்கு வருவோம். நாலு மாதமாக என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மெயிலைத் திறக்கிறீர்கள். ஃபைலை இணைத்தாகிவிட்டது. அனுப்பும் பொத்தான் மேல் விரல் நிற்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. ‘அந்த ரெண்டாவது பாராவைக் கொஞ்சம் மாத்தணும்’ என்று ஒரு எண்ணம் வருகிறது. ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று மூடுகிறீர்கள். மூடிய அந்த நொடியில் எப்படி இருந்தது? அப்பாடா என்று இருந்திருக்கும். அந்த ‘அப்பாடா’தான் வில்லன். பயந்தபோது ஓடினாய், ஓடியதும் நிம்மதி வந்தது, அதனால் ஓடுவதுதான் வழி என்று மூளை குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்லும். ஹோபர்ட் மௌரர் என்ற உளவியலாளர் 1947-லேயே இதை விளக்கிவிட்டார்: பயத்துக்குத் தீனி தவிர்ப்பது. ஒவ்வொரு ‘நாளைக்கு’ம் ஒரு பிடி தீனி.

அதனால்தான் பயம் போனதும் அனுப்பலாம் என்று காத்திருப்பது வேலைக்காகாது. காத்திருக்கக் காத்திருக்க அது கொழுக்கும். படபடப்போடு அனுப்பிவிட்டு, லேப்டாப்பை மூடாமல், பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருங்கள். படபடப்பு ஏறும், நிற்கும், இறங்கும். அது தானாக இறங்கும் என்பதை உடம்பு ஒருமுறை பார்க்கவேண்டும். சொல்லிக் கொடுத்தால் அதற்குப் புரியாது.

அந்த ‘ரெண்டாவது பாரா’ பற்றி ஒரு வார்த்தை. தோல்விக்குப் பயப்படுகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. ரொம்பத் தந்திரசாலிகள். 1978-ல் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். விடையே இல்லாத கணக்குகளைக் கொடுத்து, “பிரமாதமாகச் செய்துவிட்டாய்” என்று மாணவர்களைப் பாராட்டினார்கள். எப்படிச் சரியானது என்று அவர்களுக்கே புரியவில்லை. அடுத்த சுற்றுக்கு முன்னால் இரண்டு மாத்திரையில் ஒன்றை எடுத்துக்கொள் என்றார்கள்: ஒன்று மூளையைக் கூர்மையாக்கும், இன்னொன்று மந்தமாக்கும். இந்த மாணவர்களில் நிறையப் பேர் மந்தமாக்கும் மாத்திரையைக் கேட்டார்கள். தோற்றால் மாத்திரை மேல் பழியைப் போடலாம் அல்லவா? நம்ம ஊரில் மாத்திரை தேவையில்லை. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி இரண்டு மணி வரை கிரிக்கெட் பார்த்துவிட்டு, காலையில் சென்டர் வாசலில் “மச்சான், நான் சுத்தமாப் படிக்கவே இல்லடா” என்று சொல்லும் பையனைப் பார்த்திருப்பீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. விழுந்தால் அடிபடாமல் இருக்க மெத்தை போட்டுக்கொள்கிறான். நீங்கள் இரண்டாவது முறை எழுதியபோது கடைசி ஒரு மாதம் எப்படிப் படித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் பொருட்காட்சியில் வளையம் வீசும் கடை. 1960-ல் அட்கின்சனும் லிட்வினும் மாணவர்களை வளையம் வீசவிட்டு, எவ்வளவு தூரத்தில் நின்று வேண்டுமானாலும் வீசலாம் என்றார்கள். ஜெயிக்கும் ஆசை அதிகமாகவும் பயம் குறைவாகவும் இருந்தவர்கள் நடுத்தரமான தூரத்தையே பெரும்பாலும் எடுத்தார்கள். பயம் அதிகமுள்ளவர்கள் அந்த நடுத்தூரத்தை அவ்வளவாக எடுக்கவில்லை. பக்கத்தில் நின்றால் தவறவே தவறாது. ரொம்பத் தூரத்தில் நின்றால் தவறினாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். படித்தால் ஐ.ஏ.எஸ்., இல்லாவிட்டால் வீட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடை என்று இரண்டையே பேசும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வளையம்தான் ஞாபகம் வரும். உங்கள் நண்பனின் கம்பெனி அந்த நடுத்தூரத்தில் இருக்கிறது. அதுதான் உங்களை வாட்டுகிறது.

மறுக்கப்படுவது ஏன் இப்படி வலிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வலிக்கத்தான் செய்யும். 2003-ல் நயோமி ஐசன்பெர்கரும் கூட இருந்தவர்களும் மூன்று பேர் பந்து போட்டுப் பிடிக்கும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாடவிட்டு மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் இவருக்குப் பந்தே போடமாட்டார்கள். நம் தெருக் கிரிக்கெட்டில் ஒப்புக்குச் சப்பாணியாக நிற்கவைப்பது போலத்தான். உடம்பில் வலி வரும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளில் ஒன்று அப்போதும் வேலை செய்தது. முன்பின் தெரியாதவர்கள், ஒன்றுக்கும் உதவாத விளையாட்டு, அதற்கே இந்தப் பாடு. அதனால் ‘இதுக்குப் போய் வருத்தப்படுறோமே’ என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் வலி வேறு, அர்த்தம் வேறு. தீபாவளிக்கு முந்தின வாரம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். நான் ஒருமுறை நின்றேன். நைட்டி விற்றுக்கொண்டிருந்த ஒரு பிளாட்பாரக் கடைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “வாம்மா, வா, வாங்கலன்னாலும் பாத்துட்டுப் போ.” நிற்காமல் போனவர்களை எண்ண ஆரம்பித்து நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். நின்ற ஒரு அம்மா எட்டு நைட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, துணி சரியில்லை என்று போய்விட்டார். கடைக்காரர் எட்டையும் மடித்தார். மடித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. இந்தப் பக்கம் நாம் பாதி விலைக்குக் கேட்கிறோம், “கட்டாதுபா” என்கிறார். நாமும் வீட்டுக்குப் போய் அழுவதில்லை. ‘கட்டாது’ என்ற சொல்லில் எவ்வளவு அழகு பாருங்கள். உன் மூஞ்சி பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. இந்த விலைக்கு எனக்குக் கட்டுப்படியாகாது, அவ்வளவுதான். வேலை கேட்டுப் போன இடத்தில் வரும் ‘இல்லை’யில் முக்கால்வாசி இந்தக் ‘கட்டாது’தான்.

சில ‘இல்லை’கள் வெறும் எண்ணிக்கை. 2024-ல் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல், எழுதியவர்கள் 15 லட்சத்துக்கு மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். கூட்டியும் ஒரு இடத்துக்கு நூற்றைம்பது பேருக்கு மேல். இந்த வரிசையில் நின்று கிடைக்காமல் போனதை ‘நான் லாயக்கில்லை’ என்று படிப்பது கணக்குத் தப்பு. கணக்கில் ஃபெயிலான நானே சொல்கிறேன்.

இன்னும் சில ‘இல்லை’கள் அநியாயம். இதை மழுப்ப எனக்கு மனசு வரவில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை என்று முகவரியில் பார்த்ததும் மாறும் முகங்களை எனக்குத் தெரியும். ‘இன்னா’ என்று ஒரு வார்த்தை வாயில் வந்ததும் பேனாவை மூடி வைக்கும் ஆட்களும் உண்டு. அண்ணா நகர் சித்தி வீட்டு முகவரியை பயோடேட்டாவில் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுடைய பயம் கற்பனை இல்லை, அனுபவம். அங்கே ‘உன் எண்ணத்தை மாற்றிக்கொள்’ என்று உபதேசம் செய்வது அயோக்கியத்தனம். என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: அந்த ‘இல்லை’யை யார் கணக்கில் எழுதுவது என்று பாருங்கள். அது அவர்கள் பாக்கி. உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளாதீர்கள். முடிந்தால் அதே பகுதியிலிருந்து அதே மாதிரிக் கம்பெனிக்குள் போன அண்ணனையோ அக்காவையோ தேடிப் பிடித்து, உள்ளே எப்படிப் போனார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு பேச்சு என் பத்து ஆலோசனைக்குச் சமம்.

அந்தப் பெண் விஷயம். ஆல்பர்ட் எல்லிஸ் என்று ஒரு உளவியலாளர். 1933-ல் அவருக்குப் பத்தொன்பது வயது. பெண்களிடம் பேசவே பயம். நியூயார்க்கில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தாவரவியல் பூங்காவில் ஒரு மாதம், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் ஒருவர் விடாமல் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அவரே சொன்ன கணக்கு: 130 பேர். 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். 100 பேர் பேசினார்கள். ஒரே ஒருவர் திரும்பச் சந்திக்க ஒத்துக்கொண்டார், அவரும் வரவில்லை. ஆனால் எல்லிஸுக்குப் பயம் விட்டுப்போனது. இதைப் படித்துவிட்டு மெரினாவுக்குக் கிளம்பிவிடாதீர்கள்! பெண்களைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கவென்றே இங்கே 1998-ல் சட்டம் வந்தது. தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் உங்கள் பயத்துக்குப் பயிற்சிக் களமும் இல்லை. எல்லிஸிடம் எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்றுதான்: ‘இல்லை’யைக் கேட்டுக் கேட்டுத்தான் அதன் முனை மழுங்கும். அதற்கு எம்.சி. ரோட்டில் பேரம் பேசுங்கள், டீக்கடையில் கடன் கேளுங்கள், பேங்கில் நாலு கேள்வி கூடக் கேளுங்கள்.

அந்தப் பெண்ணிடம் ஒரே ஒருமுறை, மரியாதையாக, அவர் எழுந்து போக வழியிருக்கும் இடத்தில் கேளுங்கள். வேண்டாம் என்றால் “சரிங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் வகுப்புக்குப் போங்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் அவர் உரிமை. வேண்டாம் என்பதை ஆரம்பம் என்று நம் சினிமாக்காரர்கள் ரொம்ப நாள் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அது முடிவு.

வேலை முடிந்து சாயங்காலம் நான் கேரம் கிளப்புக்குப் போவேன். நம்ம பக்கத்தில் கேரமுக்குச் சொல்லவா வேண்டும். 1991, 1995 உலக சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் நம்ம ஆள்; 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஆனால் நான் பார்ப்பது பேனர் வைக்காத பையன்களை. ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போய்விட்டால் போட்ட காயின் ஒன்றை எடுத்து வெளியே வைக்கவேண்டும். ரெட்டைப் போட்டுவிட்டு கவர் காயினை விட்டால், ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். தப்புக்கு என்ன விலை என்று பலகையிலேயே தெரிகிறது: ஒரு காயின், ஒரு ரெட். அதற்கு மேல் இல்லை. போர்டு போனால் பவுடரைத் தட்டி அடுத்த போர்டு அடுக்குகிறார்கள். அந்த பயோடேட்டாவுக்கு என்ன விலை என்று நீங்களும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பதில் வராது, அல்லது ‘இல்லை’ என்று ஒரு மெயில் வரும், நண்பன் முன்னால் ஒருநாள் கூச்சமாக இருக்கும். வேறு ஏதாவது உண்டா?

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வெளியே தலைகாட்டவே முடியாமல், ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற நினைப்பு வருகிறதென்றால், அதை இந்த மாதிரிப் பதில்களை வைத்துச் சமாளிக்கக் கூடாது. 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் இலவசச் சேவை, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையிலேயே 1986 முதல் இதற்கென்றே இயங்கும் சிநேகா அமைப்பு இருக்கிறது. ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டுப் போட்டு உட்கார்ந்தால் போதும். ‘கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்’ என்று கிண்டல் செய்தே வளர்ந்தவர்கள் நாம். 1794-ல் ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரி எத்தனை பேரை வேலைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது என்று கிண்டல் செய்பவர்களுக்குத் தெரியாது. கூட்டத்தில் நாலு பேர் பார்த்தாலே நடுங்கும் அளவுக்குப் பயம் மாதக்கணக்கில் இருந்தால் அதற்கும் பேச்சு சிகிச்சையும் மாத்திரையும் இருக்கின்றன, வேலை செய்கின்றன.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தீர்கள்: “உங்களுக்கு இப்ப பயம் இல்லியா சார்?” மூன்று வாரத்துக்கு முன்னால் நம்ம பக்கத்துப் பள்ளி ஒன்றில், பிளஸ் டூ பிள்ளைகளிடம் ரிசல்ட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேச அனுமதி கேட்டு எழுதினேன். தலைமையாசிரியை நேரில் பார்த்தபோது, “போன் பண்ணுங்க சார், சொல்றேன்” என்றார். இன்னும் பண்ணவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான். இன்று காலை பண்ணலாம் என்று போனை எடுத்தவன், அதை வைத்துவிட்டு உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இப்போது மணி பன்னிரண்டே கால். சாப்பாட்டு நேரம், இப்போது எடுக்கமாட்டார், ரெண்டு மணிக்கு மேல் பண்ணலாம் என்று மனசு சொல்கிறது. நம்பரைப் போட்டுவிட்டேன், மணி அடிக்கிறது.